எட்டு மணி நேரம் வேகும் மாட்டுக்கறி

என்னைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட வெறுங்கையோடு வந்ததில்லை. இரண்டு பாக்கெட் பிரட், ஒரு பாக்கெட் ரஸ்க், கொஞ்சம் வசதியானவர்கள் என்றால் ஒரு பாட்டில் மால்ட் மாவு. உடம்புக்கு முடியாதவர் வீட்டுக்கு இவற்றை வாங்கிக்கொண்டு போவது எங்கள் கீழக்கரையில் மட்டுமில்லை, இராமநாதபுரம் பக்கம் முழுக்கவே உள்ள மரியாதை. வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "எம்புட்டு எளச்சுட்டா" என்று உம்மாவிடம் சொல்லி உச்சுக்கொட்டிவிட்டு, பாலில் ஒரு துண்டு பிரட்டை நனைத்து என் வாயில் ஊட்டிய பிறகுதான் எழுந்துபோவார்கள். நான்கு வருடம் ஊட்டினார்கள். நான்கு வருடமும் நான் கிடையாகக் கிடந்தேன். அந்த பிரட்தான் என்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய டாக்டர்களுக்கும் தெரியவில்லை.

இப்போது உடம்பு தேறி, மாடிப்படி ஏறி, சண்டை போடவும் தெம்பு வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன். யாருக்கும் ஆறுதல் சொல்வதற்காக இல்லை. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மகள் பிறந்து ஏழெட்டு மாதம் இருக்கும், அப்போது தொடங்கியது. தின்றது எதுவும் தங்கவில்லை. வயிறு உப்பும், ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை போகும், பிறகு கைகால் நடுங்கும். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் முப்பத்து நான்குக்கு வந்தேன். என் வளையல்கள் முழங்கை வரைக்கும் தாராளமாகப் போய்வந்தன.

முதல் டாக்டர் பூச்சி என்றார். இரண்டாமவர் அமீபா என்றார். மூன்றாமவர் ஸ்டெதஸ்கோப்பைக்கூடக் காதில் மாட்டாமல் கேள்வி கேட்டார்.

"வீட்டுக்காரரு எங்கம்மா இருக்காரு?"

"சவூதியில. கம்பெனி கேம்ப்ல சமையக்காரரா இருக்காங்க."

"வந்துட்டுப் போயி எத்தன நாளாச்சு?"

"ஒன்றர வருசம்."

"அதான்," என்றார், என்னை விட்டுவிட்டு உம்மாவைப் பார்த்து. "மனசுதாம்மா காரணம். வேற ஒண்ணுமில்ல."

கீழக்கரையில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். அவர் சொன்னது சரியென்றால் பாதி ஊர் கக்கூஸ் வாசலில் வரிசையாக நின்றிருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உம்மா என் தொடையில் கிள்ளிவிட்டார்.

அதைவிடக் கேவலம் அடுத்த ஆஸ்பத்திரியில் நடந்தது. ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் திடீரென்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டு வந்தாள். என் தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. பக்கத்துக் கட்டில்காரம்மாவை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். எதற்கென்று மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. பெண் இளைத்துக்கொண்டே போகிறாள், புருஷன் வெளிநாட்டில், அப்படியானால் இது அந்த நோய்தான் என்று அவர்களாகவே முடிவுகட்டி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எய்ட்ஸுக்கு டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். இல்லை என்று முடிவு வந்தது. அன்றைக்கு நர்ஸின் கையுறை ஒன்றாகக் குறைந்தது, அவ்வளவுதான். மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பதே அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் தெரியவில்லை. அங்கேயும் காலை ஆகாரம் பாலும் பிரட்டும்தான்.

சுனாமிக்கு அடுத்த வருடம், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெளிநோயாளிகள் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டோக்கன், எதிரே சுவரில் ஒரு டிவி. வயிற்றுக்கு முடியாதவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்த டிவியில் நாள் முழுக்கச் சமையல் நிகழ்ச்சி ஓடியது. என்னைப் பார்த்தவர் குடல் வைத்தியத்தில் பெயரெடுத்தவர், ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். நான்கு வருடத்தில் என் நாக்கையும் நகத்தையும் கண்ணிமையையும் பார்த்த முதல் டாக்டர் அவர்தான். அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். அவர்மேல் கோபமும் இருக்கிறது, அது பின்னால் வருகிறது.

தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு, வாய் வழியாகக் குழாயை விட்டு, குடலின் உட்புறத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து அரிசி நொய்யளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் வேறு ஊருக்குப் போனது. பத்து நாள் கழித்துப் பெரிய டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்குப் பேரு சீலியாக். கோதுமையில குளூட்டன்னு ஒரு பசை இருக்கும்மா. பரோட்டா மாஸ்டர் மாவ வீசுறப்ப கிழியாம விரியுதுல்ல, அது அந்தப் பசையாலதான். உங்க உடம்பு அத விஷம்னு நெனச்சுச் சண்ட போடுது. அடிபடுறது உங்க குடலு."

சிறுகுடலின் உட்புறம் புதுத் துண்டில் நூல் நூலாக நிற்பதுபோல இருக்கவேண்டுமாம். அந்த நூல்கள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுகின்றன. எனக்கு அவையெல்லாம் தேய்ந்து, பத்து வருடம் துவைத்த துண்டுபோல வழவழவென்று ஆகிவிட்டதாம். இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுளுக்கும் வாயில் படக்கூடாது. மால்ட் மாவும் கூடாது, அதுவும் பார்லிதான்.

நான் அழவில்லை. வாயில் ஊட்டப்பட்ட ஒவ்வொரு துண்டு பிரட்டையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே உணவு ஆலோசகர் என்று ஒரு பெண் இருந்தாள். அச்சடித்த அட்டை ஒன்றைக் கொடுத்தாள். கோதுமை கூடாது என்பதைப் பேனாவால் மேலே எழுதி அடிக்கோடிட்டாள். அதற்குக் கீழே வயிற்று நோயாளிகள் எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டிருந்தது: குழைந்த சோறு, ரசம், பெருங்காயம் கலந்த மோர் மூன்று வேளை. மாட்டுக்கறி, மசாலா, எண்ணெய் அறவே கூடாது.

உம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. எங்கள் பக்கத்து வயதான பெண்கள் பலரைப்போல அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், அரபு எழுத்தில் எழுதிய தமிழ் படிக்கத் தெரியும், கடைப் பலகையில் இருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. அட்டையை நான் ஒரு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் மனப்பாடம் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார். மில்லில் கோதுமை அரைத்த பிறகு நம் அரிசி விழும் என்று சொல்லி, அறுபது வயதில் உரலில் அரிசியைத் தானே இடித்து எனக்கு இடியாப்பம் அவித்தார். ரசத்தை நாங்கள் புளியாணம் என்போம். அதையும் மோரையும் ஒரு வேளை தவறாமல் கொடுத்தார். வயிறு கொஞ்சம் இரைந்தாலே, "இன்னும் ஒரு சிட்டிக பெருங்காயம் போட்டுத் தாரேன், கேக்கும்" என்பார்.

முதல் மாதம் தேவலையாக இருந்தது, இரண்டு கிலோ ஏறினேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஏறியதும் போய், மேற்கொண்டு ஒரு கிலோவும் போயிற்று. மறுபடி மதுரை. பெரிய டாக்டர் எடையைப் பார்த்தார், பழைய தாள்களைப் புரட்டினார், பேனாவை மூடி வைத்தார்.

"உண்மையச் சொல்லுங்க. வெளிய எங்கயாச்சும் பரோட்டா, பிஸ்கட்டுன்னு சாப்பிடுறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"யாருக்கும் தெரியாம ஒண்ணு ரெண்டு? சிலருக்கு ஆச அடங்காது."

"மூணு மாசமா நான் வீட்டு வாசலத் தாண்டல. எங்கன போயித் திங்க?"

அவர் என் ஃபைலில் எழுதினார். இங்கிலீஷில் எழுதினால் முக்காடு போட்ட பெண்ணுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். நான் பிளஸ் டூ படித்தவள். தலைகீழாக இருந்தாலும் படித்துவிட்டேன். 'நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதில்லை.' எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பட்டினி கிடந்தவளைப் பார்த்துத் திருடித் தின்றாய் என்று எழுதிவிட்டார்.

பிறகு சொன்னதுதான் பயங்கரம். ஒருவேளை நான் சொல்வது நிஜமானால், இது கட்டியாக மாறக்கூடிய மோசமான வகையாக இருக்கலாமாம். "பதினஞ்சு நாள் இங்கயே வச்சுப் பாக்குறேன். எடை ஏறலன்னா வயித்தத் திறந்து பாத்துருவோம்," என்றார். முப்பத்து மூன்று கிலோ உடம்பைத் திறந்தால் மூட முடியுமா என்று நான் கேட்டேன். மயக்க மருந்து டாக்டரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்திலேயே பதில் இருந்தது.

வார்டில் அவர்கள் கண்முன்னாலேயே அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டேன். குழைந்த சோறு, ரசம், மூன்று வேளை மோர். நான்கு நாளில் இன்னும் அரைக் கிலோ குறைந்தது. இங்கேயும் நான் தலையணைக்கு அடியில் பரோட்டா ஒளித்துவைத்திருக்கிறேனா என்று அந்த ஆலோசகர் பெண்ணைக் கேட்டேன். அவள் அட்டையைச் சரிபார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றாள்.

ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரர் செய்யது வந்தார். கம்பெனியில் அழுது புரண்டு ஒரு மாத லீவு வாங்கி வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து நேராக வார்டுக்கு வந்தவர், கட்டிலில் என்னைத் தேடினார். என்னைத் தாண்டிப் போய்த் தேடினார்.

"மச்சான், இங்கன இருக்கேன்," என்றேன்.

திரும்பிப் பார்த்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "என்னா புள்ள திங்கிற?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "எரநூறு பேருக்கு நான் கறியாக்கிப் போடுறேன். என் பொண்டாட்டிக்குக் கொழஞ்ச சோறா?"

அந்தப் பெட்டிக்குள் துணிமணிகளுக்கு நடுவே ஒரு கரண்டுச் சட்டி இருந்தது. கேம்ப்பிலிருந்து ஊர் திரும்பிய ஒரு இன்ஜினியர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். வெளியே தகரம், உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. ஸ்லோ குக்கர் என்று பெயர். பிரஷர் குக்கருக்கு நேர் எதிர்: விசில் கிடையாது, கொதி கிடையாது, அவசரம் கிடையாது. எட்டு மணி நேரம் சும்மா சூடாகவே இருந்து கறியை இளக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்தார். அங்கே அடுப்பு வைக்கக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். இது அடுப்பே இல்லை என்றார் இவர்.

விடிகாலைத் தொழுகை முடித்துக் கறிக்கடைக்குப் போய், கொழுப்பும் சவ்வும் கலந்த நெஞ்சுக்கறி வாங்கிவருவார். வேகமாக ஆக்கினால் ரப்பராகிற கறி அதுதான், மெல்லச் சூடேற்றினால் உதிர்கிறதும் அதுதான் என்பார். சட்டியின் அடியில் வெங்காயம், அதன்மேல் பெரிய துண்டுகளாக உருளைக்கிழங்கும் கேரட்டும், எல்லாவற்றுக்கும் மேலே உப்புப் பிரட்டிய கறி. கிழங்குதான் வேக நேரமெடுக்குமாம், அதனால் அது அடியில். இஞ்சி, பூண்டு, இரண்டு தக்காளி, ஒரு துண்டு பட்டை. மிளகையும் மல்லியையும் முழுசாக வாங்கி லாட்ஜ் அறையில் துணியில் மூடி வைத்துக் குழவிக்கல்லால் தட்டுவார். பாக்கெட் மசாலாவைத் தொடமாட்டார். கேம்ப்பில் எந்த டப்பாவையும் ஹராமான பொருள் ஏதும் கலந்திருக்கிறதா என்று திருப்பிப் படித்துவிட்டுத்தான் திறப்பார். இப்போது அதே கண்ணால் கோதுமையைத் தேடினார். எதிலும் நம்பிக்கை வராமல் எல்லாவற்றையும் முழுசாகவே வாங்கினார்.

டீக்கடையில் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் வாங்கி, கறி பாதி முங்க ஊற்றி மூடிவிடுவார். அதன் பிறகு மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு தடவை திறந்தால் அரை மணி நேரச் சூடு போய்விடும். அஸர் தொழுகை நேரத்துக்கு, அதாவது நாலு மணி வாக்கில், கறி தானாகப் பிரிந்துவிடும். கேம்ப்பில் இந்த ஸ்டூவை மைதா கரைத்து ஊற்றித்தான் கெட்டியாக்குவார்கள். இவர் உம்மா உரலில் இடித்து அனுப்பியிருந்த அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, இன்னும் கால் மணி நேரம் விட்டார். கீழே மெஸ்ஸில் வெறும் சோறு வாங்கிக்கொண்டார்.

முதல் நாளே ஒரு கூத்து. அறையைப் பெருக்க வந்தவர் மேசையில் வயரும் சிவப்பு விளக்குமாக ஒரு பாத்திரம் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கீழே போய்ச் சொல்லியிருக்கிறார். மேனேஜர் மேலே வந்து கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"என்னா பாய் அது, வயரெல்லாம் மாட்டி வச்சிருக்கீக?"

"கறி, சார்."

"தொறந்து காட்டுங்க."

"தொறந்தா சூடு போயிரும் சார். எட்டு மணி நேரம்..."

"என்னாது எட்டு மணி நேரம்? மொதல்ல தொறங்க பாய்."

தாடி வைத்தவர் பேசும்போது மணிக்கணக்கு சொல்லக்கூடாது போலிருக்கிறது. இவர் திறந்து காட்டினார். மேனேஜர் எட்டிப் பார்த்து, கேரட்டைக் கண்ட பிறகுதான் மூச்சு விட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் சோற்றுக்கு அன்றைக்கு அரை மணி நேரம் தாமதம்.

ஆனால் அந்தச் சோறு! நான்கு வருடத்தில் முதல் முறையாக என் நாக்கு ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. கறி விரல் பட்டதும் நூல் நூலாகப் பிரிந்தது. ஆஸ்பத்திரித் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன், ரசம், மோர் எல்லாவற்றோடும். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வயிறு சத்தம் போடவில்லை. நான்காம் நாள் ஒரே ஒரு தடவைதான் போனேன். இதையெல்லாம் எழுத வெட்கப்படுகிற காலம் எனக்குப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் வார்டு சூப்பர்வைசரம்மா மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

"இது என்ன, மாட்டுக்கறியா? இங்க இதெல்லாம் கொண்டாரக் கூடாது. மத்த பேஷண்டுக்கு ஒத்துக்காது."

எனக்கு எங்கிருந்துதான் குரல் வந்ததோ. "உங்க கேன்டீன்ல வாசல்லயே ரஸ்க்கு அடுக்கி வச்சிருக்கீங்க. எனக்கு அது விஷம். அத எடுக்கச் சொன்னேனா? எனக்கு ஒத்துக்கிற ஒரே சாப்பாடு இது. இத எடுக்கச் சொல்றீங்க. நான் செத்தா மத்த பேஷண்டுக்கு ஒத்துக்குமா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டிலில் அல்சருக்குப் படுத்திருந்த அம்மா, நெற்றி நிறைய விபூதியோடு, "எனக்கு ஒண்ணுமில்ல தாயி, அந்தப் புள்ள திங்கட்டும்," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாவை என் ஒவ்வொரு துஆவிலும் நினைக்கிறேன். சூப்பர்வைசர் கேட்கவில்லை. பஞ்சாயத்து பெரிய டாக்டரிடம் போனது. வார்டுக்குள் கறி வேண்டாம், வேண்டுமானால் பகலில் எதிர் லாட்ஜுக்குப் போய்ச் சாப்பிட்டு வரட்டும் என்று கேட் பாஸ் எழுதிக்கொடுத்தார். நோயாளி சோற்றுக்கு ரோட்டைத் தாண்டிப் போய்வந்தாள், ஒரு கையில் ஊசி குத்திய பிளாஸ்டரோடு.

பதினைந்தாம் நாள் எடை மெஷினில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. பெரிய டாக்டர் மெஷினைச் சரிபார்க்கச் சொன்னார். மறுபடி ஏறினேன், அதேதான். "அப்ப இங்க நீங்க ஒழுங்கா இருந்திருக்கீங்க," என்றார். அதாவது வீட்டில் ஒழுங்காக இல்லை. ஒரு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் குறைந்தால் ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்தோம். சட்டி சமையலறைக்கு வந்தது. நடுவில் கரண்டு போகும்போதெல்லாம் இவர் சட்டியைப் போர்வையால் சுற்றி, பிள்ளையைக் காப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். கறி லாட்ஜில் வெந்தது மாதிரியேதான் வெந்தது. உம்மாவுக்கு ஒரே கவலை.

"தெனமும் மாட்டுக்கறி தின்னா சூடு ஏறாதா? அட்டையில கூடாதுன்னுல போட்டுருக்கு. இந்தா, மோரக் குடி மவளே, சூட்டத் தணிக்கும்."

மறுக்க மனமில்லை. குடித்தேன். கறியும் சோறும், பிறகு மோர். மூன்றாம் நாள் பழைய கதை ஆரம்பித்துவிட்டது. ஆறு தடவை. பார்க்க வந்த ஜனம் முழுக்க ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது: மாட்டுக்கறிதான். கையில் ரஸ்க் பாக்கெட்டோடு வந்து சொன்னார்கள். செய்யது சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தான் ஆக்கிய சோறு பெண்டாட்டியைப் படுக்கவைத்துவிட்டது என்று அவர் நம்பிவிட்டார். அந்த முகத்தைப் பார்த்ததுதான் எனக்கு நோயைவிட வலித்தது.

கறி நின்றது. குழைந்த சோறு, புளியாணம், மோர். மூன்று நாளில் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபோதுதான் எனக்கு ஆத்திரத்தோடு புத்தியும் வந்தது. கறியை நிறுத்திய பிறகு இன்னும் மோசமாகிறதே, அப்படியானால் கறி எப்படிக் காரணமாகும்? லாட்ஜில் நான் சாப்பிடாத எது இங்கே என் வாய்க்குள் போகிறது?

சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். புளி, மிளகு, சீரகம், எல்லாம் முழுசு. அலமாரியில் அச்சடித்த எழுத்தோடு இருந்தது ஒன்றே ஒன்றுதான், மஞ்சள் நிறப் பெருங்காய டப்பா. நான் பிறந்ததிலிருந்து அந்த இடத்தில் இருக்கிற சாமான். டப்பாவைத் திருப்பிப் படிக்கும் பழக்கமுள்ள என் வீட்டுக்காரர்கூட அதைத் திருப்பவில்லை. பெருங்காயத்தில் என்ன இருக்கப்போகிறது, பெருங்காயம்தான் இருக்கும் என்று எல்லோரையும்போல அவரும் நினைத்துவிட்டார்.

அடியில் எறும்பளவு எழுத்தில் இங்கிலீஷில் இருந்தது. கோந்து. கோதுமை மாவு. பெருங்காயம் அதற்குப் பிறகுதான்.

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் தொழுகைப் பாயை மடிக்காமல் ஓடிவந்தார். வாங்கிப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். பிறகு தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். உம்மா வாசலில் நின்றார்.

"என்னா போட்டுருக்கு?"

இவர் டப்பாவைத் தரையில் வைத்தார்.

"சொல்லுங்களேன், என்னா போட்டுருக்கு?"

"கோதும மாவு, மாமி," என்றார் அவர்.

உம்மா மோர்ச் செம்பை எடுத்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொட்டினார். பிறகு அந்தச் செம்பைத் தேய்த்தார். வெகு நேரம் தேய்த்தார்.

பெருங்காயம் நின்றது, கரண்டுச் சட்டி மறுபடி ஏறியது. தவணை நாளில் நான் முப்பத்தேழு கிலோவோடு பெரிய டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தார். நான் டப்பாவை அவர் மேசையில் வைத்தேன், பக்கத்தில் அவர்கள் கொடுத்த அட்டையையும் வைத்தேன்.

"நான் திருடித் திங்கல டாக்டர். நீங்க எழுதிக் குடுத்ததத்தான் தின்னேன். மூணு வேளை."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். நல்ல மனிதர்தான், முகம் சிவந்தது. அந்த ஆலோசகர் பெண்ணைக் கூப்பிட்டு அட்டையில் அந்த வரியை அடிக்கச் சொன்னார். "எங்களுக்கும் இது தோணலம்மா," என்றார்.

"தோணலன்னா தோணலன்னு எழுதிருக்கணும். என்னையத் திருடின்னு எழுதிட்டீங்களே. அத அடிங்க."

"ஃபைல்ல எழுதினத அழிக்க முடியாதும்மா."

"அழிக்க வேணாம். கீழ எழுதுங்க."

எழுதினார். நான் நாற்காலியை விட்டு எழுந்து, அவர் பக்கம் போய் நின்று, இந்தத் தடவை தலைகீழாக இல்லாமல் நேராகப் படித்துப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். வயிற்றில் கத்தி படாமல் வீட்டுக்கு வந்தேன்.

செய்யது லீவு முடிந்து போய்விட்டார். சட்டியை எனக்கு விட்டுப்போனார். இப்போது நானே கறி வைக்கிறேன், காலையில் மூடினால் அஸருக்குத் திறக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் இன்னும் பிரட் வாங்கித்தான் வருகிறார்கள். நான் வாசலிலேயே வாங்கி அவர்கள் கண்முன்னாலேயே ஆட்டுக்குப் போடுகிறேன். கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

உம்மாவிடம் மட்டும் என் கோபம் செல்லவில்லை. அவர் அந்த டப்பாவைப் பற்றி அதன்பின் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கடையிலிருந்து எது வந்தாலும் பிரிக்காமல் நேராக என்னிடம் கொண்டுவருகிறார். போன வாரம் நான் கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். ஒரு பொட்டலத்தை என் முன்னால் நீட்டினார்.

"படிச்சுச் சொல்லு."

"உப்பு உம்மா. உப்புல என்னா இருக்கும்?"

"பெருங்காயத்துலயும் இதத்தான சொன்னோம்," என்றார். பொட்டலத்தை இன்னும் கிட்டே நீட்டினார். "படி."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் அவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.